துண்டுக்கடியில் பத்து

அந்த மாதம் பொள்ளாச்சியில் ஒரு கூச்சத்தின் விலை எழுநூற்று இருபது ரூபாய். மனிதப் பல்லில் இருந்தால் மட்டும். பற்பசைக் கம்பெனிக்காரர்கள் சந்தைக்கு எதிரே ஒரு மாடியைப் பிடித்து, பல் கூசுகிறவர்களுக்குப் பசையைத் தேய்க்கக் கொடுத்து, கூச்சம் போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். போகிற ஒவ்வொரு கூச்சத்துக்கும் கையில் காசு.

மாட்டுத் தரகர் ராக்கியப்பனுக்குக் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் கூசும். ஐஸ் தண்ணீர் பட்டால் காது வரைக்கும் போகும். மாடி ஏறினார்.

டாக்டரம்மா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கட்டைவிரலால் அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முப்பது வருடமாகக் காளைகளின் வாயை அவர் தூக்கிப் பார்த்த அதே பிடி. அடுத்து நடக்கவிட்டுப் பார்ப்பாளோ என்று இருந்தது. பல்லின்மேல் சில்லென்று காற்றை ஊதினாள்.

"எவ்வளவு கூசுதுங்? பத்துக்குள்ள ஒரு நெம்பர் சொல்லுங்."

ராக்கியப்பன் தோள் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டார். சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்ற முடியாது.

உண்மையில் கூச்சம் நான்குதான். அவர் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு தடவை பிடித்தார். பத்து. அவள் மூன்று என்பாள், இவர் எட்டுக்கு இறங்குவார், ஐந்தில் வந்து முடியும்.

அவள் துண்டை எடுத்துவிட்டாள். "பத்து" என்று எழுதிக்கொண்டாள்.

சொன்ன விலைக்கே தலையாட்டுகிற ஆளிடம் ராக்கியப்பன் ஒருநாளும் பிழைத்து வந்ததில்லை.

"அம்மணி, கொஞ்சம் கொறச்சுக் கேட்டிருக்கலாமுங்."

"துண்ட எடுத்தாச்சுங்களே."

பெயரில்லாத வெள்ளை டியூப் ஒன்றைக் கொடுத்தாள். அதன் பக்கவாட்டில் பத்துக் கோடுகள் இருந்தன.

நாளுக்கு ஒரு கோடு அழிந்தது. நான்காம் நாள் ராக்கியப்பன் ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்று காட்டினார்.

"கூச்சந்தான் போயிருச்சுல்லங் மாமா, இன்னும் என்னத்துக்குத் தேய்க்கறீங்? வீசுங் அத," என்றாள் அவர் மனைவி மயிலாத்தாள்.

சாக்கடையில் வீசினார். விடிந்து பார்த்தால் டியூப் குளியலறை ஜன்னலில் இருந்தது. பிரஷ் ஈரமாக இருந்தது. அவர் வாய் மணத்தது.

பல்லில் சரக்குத் தீர்ந்துவிட்டதால் பசை மற்ற இடங்களில் கூச்சத்தை எடுக்க ஆரம்பித்தது. ஐந்தாவது, உள்ளங்காலில். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நின்றார். சுடவில்லை. ஆறாவது, நாக்கில். பச்சைமிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி மென்றார். ஏழும் எட்டும் விரல்களில். துண்டுக்கடியில் எதிராளி பிடித்தது எத்தனை விரல் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எந்தத் தரகன் சொல்வான்? தலையாட்டினார். ஒரு ஜோடி காங்கேயம் காளை ஒரு தேங்காய் விலைக்குப் போயிற்று.

ஒன்பதாம் நாள் அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. "சரீங்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

டியூபில் மிச்சம் ஒரு கோடு. உடம்பில் மிச்சம் ஓர் இடம்.

சோறு ஆகிவிட்டால் மயிலாத்தாள் கூப்பிட மாட்டாள். பின்னால் வந்து அவர் பிடரியில் ஒற்றை விரலை வைப்பாள். வைத்ததும் அங்கே சிலிர்க்கும். முப்பத்தொரு வருடமாகச் சிலிர்க்கிறது.

ராக்கியப்பன் மாடிக்கு ஓடினார். வராந்தா நீண்டுபோயிருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சில் ஆட்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மூடவில்லை. காலையில் நடக்கத் தொடங்கியவர் கதவை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது.

"பொய் சொல்லீட்டனுங் அம்மணி. நாலுதான் இருந்துச்சு."

"அது மொத நாளே தெரியுமுங்."

"தெரிஞ்சு எதுக்குங் எழுதுனீங்?"

"நாலு மாடு வச்சிருக்கறவன் பத்துன்னு பேசி முடிச்சா, மிச்சம் ஆறுக்கு அவந்தானுங்க வழி பண்ணோணும்?"

"பெடரிய மட்டும் உட்ருங். வேற எதையாச்சும் எடுத்துக்கங்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "பேசலாமுங்களே."

அவர் தோளிலிருந்து துண்டை அவளே எடுத்துப் போட்டாள். உள்ளே ஏதோ அசைவது துணியில் தெரிந்தது. அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை விரல், யாருடைய விரல்? அவள் காத்திருந்தாள்.

ராக்கியப்பன் தலையாட்டினார். துண்டு போயிற்று.

வீட்டில் குளியலறை ஜன்னலில் அவருடையதும் மயிலாத்தாளுடையதுமாக இரண்டு பிரஷ்களும் ஈரமாக இருந்தன.

அவர் உட்கார்ந்தார். சோற்று மணம் வந்தது. பிடரியில் விரல் பட்டது. சிலிர்த்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தார்.

விரல் போகவில்லை. அழுத்தியது. இன்னும் அழுத்தியது. நகம் இறங்கியது.

"ஏனுங் மாமா," என்றாள் மயிலாத்தாள், "நான் தொட்டுட்டனா?"

பேசியது பத்து. பல்லில் நான்கு, காலில் ஒன்று, நாக்கில் ஒன்று, விரலில் இரண்டு, அண்ணன் வகையில் ஒன்று. தீர்ந்தது ஒன்பது. பிடரி தள்ளுபடி. அதற்கு ஈடாக மயிலாத்தாள் பெயரில் இதுவரை ஒன்று. மொத்தம் எத்தனைக்குப் பேச்சு என்பது துண்டுக்கடியில். பல் கூசவில்லை.