வெண்டெலின் சுத்தமான ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கலக்காத வெறும் ரத்தம் தீர்ந்துவிட்டால் எங்களில் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். போலீஸ் அனுப்பும் குப்பிகளில் அபின் வகை வலி மாத்திரை இருக்கிறதென்று இயந்திரம் சொன்னால் நம்ப வேண்டுமே! அதற்கு முதலில் அது வெறும் ரத்தத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியாக வேண்டும்.

அன்று கை நீட்டியவர் மேலாளர் வெண்டெல்.

"யாராவது மாத்திரை கீத்திரை போட்டிருக்கீங்களா?" என்று எல்லாரையும் குடைந்தார். ஒருத்திக்குத் தலைவலி மாத்திரை, ஒருத்தனுக்கு இருமல் மருந்து. "உங்கள நம்பி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியுதா?" என்று தானே உட்கார்ந்துவிட்டார். அதையே அவரைத் திருப்பி யாரும் கேட்கவில்லை. மேலாளரைக் கேட்கிற துணிச்சல் யாருக்கு?

மதியம் அந்த வெறும் ரத்தத்தில் ஹைட்ரோகோடோன் இருப்பதாக இயந்திரம் காட்டியது. அதே அபின் வகை வலி மாத்திரை.

வெண்டெல் நேரே மார்லிஸிடம் போனார். இயந்திரத்தை ஓட்டுகிறவள், புதியவள். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் அவர் முடிவு செய்ய வேண்டும்.

"முந்தின சாம்பிள் மெஷின் ஊசியில ஒட்டிக்கிட்டிருக்கு. கழுவினியா?"

"கழுவினேன்."

"திரும்பக் கழுவு."

கழுவினாள். மறுபடியும் அதே மருந்து.

"உன்ன வச்சுக்கிட்டு நான் கோர்ட்டுல போய் என்னத்தச் சொல்றது? வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கையைவிட அந்த ஊசியை அதிகம் கழுவுகிற பெண் அவள்.

"அவ கழுவினத நான் பார்த்தேன், வெண்டெல்."

"நீ சும்மா இரு, ரூத்தான்."

மார்லிஸ் அழவில்லை. ரத்தமே சேர்க்காமல் வெறும் கரைப்பானை மட்டும் உள்ளே விட்டாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"ஊசி சுத்தம், மெஷினும் சுத்தம். அப்போ..." என்று நிறுத்தினாள்.

எல்லாரும் வெண்டெலைப் பார்த்தோம். ஒரு பக்கக் கன்னம் டோனட் மாதிரி உப்பியிருந்தது.

"பல்லு புடுங்கினீங்களா?" என்றேன்.

"நேத்து. காலையில ஒரே ஒரு மாத்திரைதான்... அது பல்லுக்குப் போட்டதும்மா!"

சிரிப்பை அடக்க முடியாமல் நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மார்லிஸ் மட்டும் சிரிக்காமல் திரையைப் படித்தாள்.

"போன வாரம் வண்டி ஓட்டிப் போலீஸ்ல மாட்டின ஆளுக்கு இதவிடக் கம்மிதான். கோர்ட்டுல என்ன சொன்னீங்க?"

"வண்டியே எடுத்திருக்கக் கூடாதுன்னேன்."

"இன்னைக்குக் காலையில எப்படி வந்தீங்க?"

வெண்டெலின் முகம் வெளுத்துவிட்டது. "கார்லதான்... ஸ்கூல் வழியா," என்றார் மெதுவாக.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கார் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மன்னிச்சுக்க. என்னை வீட்டுல விட்டுடு. திங்கக்கிழமை வேலைக்கு வர்றப்போ என்னையும் ஏத்திக்க."