இரண்டாம் சரத்துக்குக் கீழே ஓர் இடம்

கல்யாணப் பெண்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மை தீட்டி முடித்ததும் அழுவார்கள். ஜடை பின்னி முடித்ததும் தலை வலிக்கிறது என்பார்கள். ஆனாலும் என் நகைப்பெட்டியைத் திறந்தால் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். என்னிடம் இருப்பதுபோல் வாடகை நகை செட் வாணியம்பாடியில் வேறு யாரிடமும் இல்லை. அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

புதூர்நாட்டு தேவயானி அந்தப் பெட்டியை மூடச் சொன்னாள்.

"இது வேணாம் ஃபாயிசாக்கா. நான் என்னோடதப் போட்டுக்கறேன்."

மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்த கடுப்பு வேறு எனக்கு. "உன் மாமியாருதாம்மா இந்த செட்ட புக் பண்ணாங்க. முகூர்த்தத்துக்கு நேரமாவுது, வெளாடாத" என்றேன்.

அவள் விளையாடவில்லை. சுவர் ஆணியில் தொங்கிய சரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அணிந்தாள். கழுத்தை ஒட்டிக் கருப்புப் பாசி. அதற்குக் கீழே சிவப்புப் பொடிமணி. அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு, பச்சைக் கண்ணாடி மணியில் இரண்டு சரம். எல்லாவற்றுக்கும் கீழே நெஞ்சில் இறங்கும் வெள்ளிக்காசு மாலை. சந்தையிலும் திருப்பத்தூர்க் கடைகளிலும் பார்த்துப் பார்த்து வாங்கி, பிரித்து, தன் அளவுக்கு மறுபடி கோத்தவையாம். காலேஜுக்கும் இதோடுதான் போனாளாம், ரேஷன் கடைக்கும் இதோடுதானாம்.

ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாமென்று அவளைக் குனியச் சொன்னேன், திரும்பச் சொன்னேன். ஒரு சரம்கூட இன்னொன்றோடு சிக்கிக்கொள்ளவில்லை. அவள் கட்டியிருந்த மஞ்சள் பட்டுக்கு அத்தனையும் அம்சமாக இருந்தன. என் கெம்பு ஆரத்தைப் போட்டிருந்தால் ஆரம்தான் தெரிந்திருக்கும், அவள் தெரிந்திருக்க மாட்டாள். சொல்ல வயிறு எரிகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

"ஒரு நாளுதானே, அவங்க சொன்னதையே போட்டுக்கயேன்" என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"அந்த ஒரு நாளுதாங்க்கா முக்கியம். இன்னிக்கி இதக் கழட்டி வெச்சிட்டுப் போனா, நாளைக்கி அந்த வூட்ல இதப் போடவே முடியாது. இது இன்னா புதுப் பழக்கம்னு கேப்பாங்க. போறப்பவே நான் நானா போறேன்."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ஈஸ்வரி உள்ளே வந்தார். மலையிலிருந்து இறங்கிப் போய்ச் சந்தவாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம்.

"இன்னாம்மா இது? நான் சொன்ன செட்டு எங்க?" கேள்வி என்னிடம், பார்வை தேவயானியின் கழுத்தில். "ரெண்டு வேன் ஜனம் வந்து எறங்கியிருக்குது. மாப்ள வூட்ல ஒரு நகைகூடப் போடலன்னு பேச மாட்டாங்களா?"

"வாடகை நகைன்னு தெரிஞ்சா மட்டும் பேச மாட்டாங்களா அத்த?" என்றாள் தேவயானி. குரலில் பயமும் இல்லை, திமிரும் இல்லை.

ஈஸ்வரியின் முகம் சுண்டிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார் போல, தன் கழுத்துச் செயினைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கிட்ட வேற இன்னா இருக்குது, சொல்லு? நூலு மாதிரி இந்த ஒரு செயினுதான். இத உன் கழுத்துல போட்டா யாரு கண்ணுக்காவது தெரியுமா? மானம் போய்டுமேன்னுதான் வாடகைக்குச் சொன்னேன்."

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பவுடர் டப்பாவைத் தேடுவதுபோல் நடித்தேன்.

தேவயானி தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாள். சிவப்புச் சரத்துக்கும் பச்சைச் சரத்துக்கும் நடுவே அவள் விட்டிருந்த இடம்.

"பரிசம் போட வந்தப்பவே உங்க செயினப் பாத்து வெச்சிட்டேன் அத்த. அதுக்காகத்தான் பச்சய எறக்கிக் கோத்தேன். தனியா போட்டாத்தான் அது தெரியாது. இங்க போட்டுப் பாருங்க. தாலி கட்டுற வரைக்கும் இருந்தாப் போதும்."

ஈஸ்வரி கொக்கியைக் கழற்றத் தடுமாறினார். நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அவர் கையாலேயே மருமகளுக்குப் போட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே அந்தப் பொன் இழை மட்டும்தான் முதலில் கண்ணில் பட்டது. இத்தனை வருடமாகத் தொழில் செய்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

ஈஸ்வரி தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். தாலிக்கயிறு மட்டும் மிச்சமிருந்தது. தேவயானி தன் பச்சைச் சரங்களில் ஒன்றைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டாள். அழாதே என்று ஊர்ப்பட்ட பெண்களை அதட்டும் என் கண்ணிலேயே மை கரைந்தது.

வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. பெண்ணைக் கூப்பிடக் கதவைத் தட்டினார்கள். ஈஸ்வரியோ என் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செயினு உங்கிட்டயே கெடக்கட்டும்" என்றார் மருமகளிடம். "நாளைக்கி வூட்டுக்கு வந்ததும் எனக்கு இன்னொரு சரம் கோத்துக் குடு. செவப்புல."