காந்தத்துக்குள் அண்ணன்

1

இந்தக் கதை என் முழங்காலிலிருந்து வந்தது. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். வெள்ளைக் குழாய் ஒன்றுக்குள் என்னைத் தள்ளினார்கள். உள்ளே யாரோ தகர டப்பாவைச் சுத்தியலால் அடிப்பது போல ஒரே இடி. வெளியே வந்ததும் முழங்காலைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. "உள்ளே உட்கார்ந்து தட்டுறது யாரும்மா?" என்றேன். மெஷினைப் பராமரிக்க வந்திருந்த பெண் சிரித்துவிட்டு, நின்று நிதானமாகச் சொன்னாள். கதை எழுதுகிறவளிடம் நின்று பேசினால் என்ன ஆகும் என்று பாவம், அவளுக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "மனித உடலின் மர்மங்களை ஊடுருவும் அறிவியலின் அற்புதக் கண்—" வேண்டாம். பரிசளிப்பு விழாப் பேச்சு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு வலது கால் மரத்துப் போகத் தொடங்கியது." இது போதும். பிரேக் மிதிக்கிற கால் அது என்று நான் சொல்லவே வேண்டாம்.

முதுகெலும்பில் எதுவோ நரம்பை நெரிக்கிறது. ஸ்கேன் படம் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் மருத்துவர். தள்ளிப்போட்டால் கால் திரும்பாது என்றும் சொன்னார். ஓட்டுநரோ குழாய்க்குள் படுத்த இரண்டு தடவையும் கையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டார். அமுக்கினால் வெளியே மணி அடிக்கும், நிறுத்திவிடுவார்கள்.

(பயத்தில் அமுக்கினார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயமில்லை, அவர் காது அப்படி. எஞ்சினில் தட்டல் கேட்டால் வண்டியை ஓரங்கட்டியே பழகியவர். "பேரிங் போச்சு, நிறுத்துங்க" என்றாராம் உள்ளேயிருந்து.)

3

மெஷினைப் பழுது பார்க்கிறவளை முதலில் அவருடைய மருமகளாக எழுதினேன். "மாமா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதையும் நின்றது. தங்கையாக்கினேன். உடனே வாய் திறந்துகொண்டது.

"ஊரே என் மெஷின்ல படுத்து எழுந்து போகுது. என் அண்ணனுக்கு மட்டும் பேரிங் போச்சாம்."

"கேட்டுச்சு, சொன்னேன்."

"நீ படுக்கிற இடத்துல சுத்துற சாமானே கிடையாதுண்ணா."

"சுத்தாம அது என்ன மெஷினு? எதை நம்பி ஏறச் சொல்ற?"

4

அவள் என்ன செய்தாள் என்றால், மூடியையெல்லாம் கழற்றிப் பராமரிப்பு பார்க்கிற நாளில், அனுமதி வாங்கி அவரை அழைத்துப் போனாள். சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாம் வாசலில்.

"பல்லையும் கழட்டணுமா?"

"கட்டுன பல்லா?"

"சொந்தப் பல்லு."

"அப்ப இருக்கட்டும்."

வெள்ளை மூடி இல்லாத மெஷின், சட்டை கழற்றிய ஆள் மாதிரி இருந்தது. படுத்த வாக்கில் பெரிய இரும்புப் பீப்பாய். மேலெல்லாம் குழாய், பின்னால் கை மொத்தத்துக்குக் கேபிள்.

"இதுக்குள்ள ஒரு கம்பிச் சுருள் கடுங்குளிர்ல* முங்கிக் கிடக்கு. அந்தக் குளிர்ல மின்சாரத்தை ஒரு தடவ ஏத்திவிட்டா அதுவா ஓடிக்கிட்டே இருக்கும். அதான் காந்தம். உள்பக்கம் இன்னொரு சுருள். படம் எடுக்கும்போது அதுல விட்டு விட்டு மின்சாரம் குடுப்போம். காந்தம் அதைப் பிடிச்சு உதறும். அந்த உதறல்தான் நீ கேட்ட இடி. தட்டுனா நல்லாருக்குன்னு அர்த்தம்."

"மேல என்னமோ கிச்சு கிச்சுங்குதே?"

"குளிர் குறையாம பாத்துக்கிற பம்பு."

"எப்ப நிறுத்துவீங்க?"

"நிறுத்த மாட்டோம்."

"ஞாயித்துக்கிழமை?"

"லீவே கிடையாதுண்ணா."

அண்ணன் கிட்டே போனார். தூரத்துப் பயணம் முடித்து வந்த வண்டியைத் தட்டிக் கொடுப்பது போல அந்தப் பீப்பாயைத் தட்டிக் கொடுத்தார்.

* எவ்வளவு குளிர் என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எண் மறந்துவிட்டது.

5

மூடியெல்லாம் மாட்டியபின் மறுபடியும் குழாய்க்குள் போனார். தட்டல் தொடங்கியது. தட்டு, தட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

திடீரென்று சத்தம் நின்றது.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அப்படித்தான் நிற்கும். இத்தனை மூடியைக் கழற்றிக் காட்டிய தங்கை இதைச் சொல்ல மறந்துவிட்டாள். எழுதுகிற எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, அவளைச் சொல்லி என்ன. தட்டினால் நல்லது என்றால், நின்றால்? மேட்டில் ஏறும்போது எஞ்சின் அணைந்த மாதிரி அல்லவா? அவர் விரல்கள் பந்தின் மேல் இறுகின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கை பார்த்துவிட்டாள். உள்ளே இருப்பவரிடம் பேசுகிற மைக் அவளிடம் இல்லை.

ஒரு முடிவு: அவர் அமுக்கிவிடுகிறார். மணி— எழுதிப் பார்த்தேன். பிறகு அந்தத் தங்கை முகத்தில் விழிக்க முடியவில்லை.

இன்னொரு முடிவு: அறுவை முடிந்து, கால் திரும்பி, அவர் ஓட்டும் பேருந்தில் ஜன்னலோரமாக நான் போகிறேன். ஆசைதான். அந்தப் படத்தைப் படிக்கிற படிப்பு எனக்கு இல்லையே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். காதில் வைத்த பஞ்சையும் தாண்டி, அந்த அமைதிக்கு அடியில், கிச்சு, கிச்சு. அது அவர் காதுக்கு எட்டியது. பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விரல்கள் தளர்ந்தன.

தட்டல் மறுபடி தொடங்கியது. படம் எடுத்து முடிகிறவரை அவர் அசையவில்லை.

6

படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். இந்தாருங்கள் கண்ணுகளா, ரப்பர் பந்து இனி உங்கள் கையில். நான் இங்கே பேச்சை நிறுத்தப் போகிறேன். நிறுத்தியதும் ஏதோ பழுதாகிவிட்டது என்று தோன்றும். உடனே அமுக்கிவிடாதீர்கள். கொஞ்சம் அசையாமல் இருந்து, காதை மட்டும் கொடுங்கள்.