மூன்று பாட்டுக்கு ஒரு சாக்ஸபோன்காரன்

கிளீவன் மேப்ரிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நாற்காலி போட்டால் நுனியில்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன், 1982 கோடையில், டின் ஹார்பர் என்ற ராக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசிக்க ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளும்போது ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டான். ராக் குழுவில் விருந்தாளியாக வரும் சாக்ஸபோன்காரனுக்கு வாசிப்பது கொஞ்ச வேலை. காத்திருப்பதுதான் பெரிய வேலை.

கச்சேரியில் அவனுக்கு மொத்தம் மூன்று பாட்டு. இரண்டாவது பாட்டில் மேடைக்கு ஓடி வந்து கொஞ்சம் ஊதிவிட்டு ஓரத்துக்குப் போய்விட வேண்டும். பிறகு பாதியில் ஒரு பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும்தான் கூப்பிடுவார்கள். இடையில் கிடாரும் டிரம்மும் காது கிழிய அதிர, இவன் திரைக்குப் பின்னால் கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருப்பான். நடந்து சலித்தால் வெளியே போய்விடுவான். ஓர் ஊரில் அப்படிப் போனபோது பின்கதவு சாத்திக்கொண்டது. அவன் கதவைத் தட்டிய தட்டு உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஓடி வந்தால், வாயில்காரன் டிக்கெட் கேட்டான். "நான் மேடையில வாசிக்கிறவன்யா" என்று சொன்னபோது, அந்த வெள்ளைக்கார ஆள் இவனுடைய கறுப்பு முகத்தையும் வியர்த்த சட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான்கூட ஜனாதிபதிதான்" என்றான். கடைசியில் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடி மேடையேறியபோது, கிளீவன் வாசிக்க வேண்டிய முதல் அடியைப் பாடகன் ட்ராய் கிடாரிலேயே வாசித்துச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கால்ல சக்கரமா?" என்றாள் டோரீன். குழுவின் மேனேஜர் அவள். பஸ், ஓட்டல், சாப்பாடு, சண்டை எல்லாம் அவள் பொறுப்பு. "அடுத்த ஊர்ல உன்னைக் கட்டிப் போடப் போறேன்."

"கட்டிப் போட்டா கட்டோட நடப்பேன்."

கடைசிப் பாட்டுதான் டின் ஹார்பருக்குச் சோறு போட்ட பாட்டு. படகைத் தவறவிட்டவளைப் பற்றியது. நடுவில் வரும் சாக்ஸபோன் துண்டு ரேடியோ வழியாக நாடு முழுக்கப் பரவியிருந்தது. வரிகள் தெரியாதவர்கள்கூட அதை வாயால் ஊதிக் காட்டுவார்கள். அதில் ஒரே ஒரு சுரம் நீண்டுகொண்டே போகும். கேட்பவனுக்கு மூச்சு முட்டும். அப்புறம்தான் கிடார் வந்து சேரும். ரெக்கார்டில் அதை வாசித்தவன் ஆர்லன் ஸ்டோக்ஸ். அவனும் விருந்தாளிதான். கிளீவன் அவனைப் பார்த்ததே இல்லை.

முதல் நாளே ட்ராய் சொல்லிவிட்டான்: "ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வேணும். மூச்சு விடுற இடம்கூட மாறக் கூடாது. சனங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

ட்ராய்க்கு இருபத்தாறு வயது இருக்கும். கிளீவன் கேரி நகரத்து உருக்காலை ஓரத்து விடுதிகளில் ஊத ஆரம்பித்தபோது அவன் பிறந்தானோ என்னவோ. ஆனாலும் குழு அவனுடையது. அதனால் கிளீவன் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒவ்வொரு ஊரிலும் ஆர்லன் ஸ்டோக்ஸாக நின்று ஊதினான். கைதட்டல் குறைவில்லை. ஆனால் இறங்கி வரும்போது விரல்கள் அரித்தன. ஓட்டல் அறையில் சாக்ஸபோனுக்குள் துவாலையைத் திணித்துச் சத்தத்தை அடக்கிக்கொண்டு, அதே இசைத் துண்டை வேண்டுமென்றே கோணலாக வாசிப்பான். அப்போதுதான் கொஞ்சம் உடம்பு அடங்கும்.

இந்த நிலையில்தான் அயோவா மாநிலத்தில் வெக்ஸ்லி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வருடாந்தரப் பொருட்காட்சி. ராட்டினம், மாடு, பன்றி, சோளம், எண்ணெயில் பொரித்த மாவு வாசனை. திறந்தவெளி மேடை; வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி. பஸ்ஸிலிருந்து இறங்கிய கிளீவன் நுழைவாயிலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்து நின்றான். டின் ஹார்பர் என்று ஒரு வரி. அதைவிடப் பெரிய எழுத்தில்: 'நம் ஊர் ஆர்லன் ஸ்டோக்ஸ் மேடையேறுகிறார்!'

டோரீனைத் தேடிப் பிடித்தான். மேடைக்குப் பின்னால் நின்ற வண்டிக்குள் அவள் மின்விசிறி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ எனக்கு இன்னைக்கு லீவா?"

"உக்காரு."

"உக்கார மாட்டேன். சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். "ஆர்லனுக்கு இந்த ஊருதான். கூப்பிட்டோம், வரேன்னான். ஆனா போன பனிக்காலத்துல அவன் கார் கம்பத்துல மோதி முன்பல்லு மொத்தமும் போயிடுச்சு. கட்டுன பல்லுதான் இருக்கு. அதை வெச்சுக்கிட்டு ஊத முடியலையாம்."

"ஐயோ." கிளீவன் தன் பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டான். ஊதுகிறவனுக்குப் பல் போவது என்றால் என்ன என்று ஊதுகிறவனுக்குத்தான் தெரியும். "அப்போ எதுக்கு சுவரொட்டி?"

"அது ஒட்டியாச்சு. சனங்க அவனுக்காகத்தான் வர்றாங்க. ட்ராய் ஒரு யோசனை சொன்னான்." அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசிப் பாட்டுக்கு ஆர்லன் சாக்ஸபோனோட முன்னாடி நிப்பான். விரலை அசைப்பான். நீ பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னாடி நின்னு வாசி. மைக் அங்க இருக்கும். யாருக்கும் தெரியாது."

"இத்தனை நாளா விருந்தாளியா இருந்தேன். இப்போ விருந்தாளிக்கு வேலைக்காரனா?"

"மூணு நிமிஷ வேலைப்பா."

"மூணு நிமிஷம்தானே, நீயே வாசியேன்."

வண்டிக் கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தான். ராட்டினத்தைத் தாண்டினான், பொரித்த ஆப்பிள் கடையைத் தாண்டினான், எங்கே போகிறோம் என்று தெரியாமலே பன்றிக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டான். ரோஜா நிறத்தில் ஒரு பெரிய பன்றி கழுத்தில் பரிசு நாடாவோடு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நிம்மதியைப் பார்க்கப் பார்க்க இவனுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பஸ் ஏறிக் கேரிக்குப் போய்விடலாமா என்று யோசித்தான்.

"நீதான் கிளீவனா?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒல்லியான ஓர் ஆள், காகிதக் கிண்ணத்தில் ஐஸ்கிரீமோடு நின்றான். மீசையில் ஐஸ்கிரீம் ஒட்டியிருந்தது.

"எப்படித் தெரியும்?"

"வாயில ரீட் வெச்சு ஊற வெச்சுக்கிட்டே பன்னி பாக்கிற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கப் போறான்?"

கிளீவன் வாயைத் தொட்டுப் பார்த்தான். ஆமாம், சாக்ஸபோன் வாயில் கட்டுகிற நாணல் சீவல் உதட்டோரத்தில் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. எப்போது எடுத்து வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் ஆர்லன்." அவன் சொல்லும்போது காற்று 'உஸ்' என்று கசிந்தது. "சோளம் விளையிற ஊர்ல சோளக் கதிரைக் கடிக்க முடியாத ஒரே ஆளு."

திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கிளீவன் விழுங்கிக்கொண்டான். இருவரும் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார்கள். அதாவது ஆர்லன் உட்கார்ந்தான், கிளீவன் அவன் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

"இது என் யோசனை இல்லைப்பா," என்றான் ஆர்லன். "ட்ராய் போன் பண்ணப்பவே பல்லு போச்சுன்னு சொல்லிட்டேன். பரவாயில்ல, வந்து நில்லுன்னான். நிக்கிறதுன்னா கையாட்டிட்டு நிக்கிறதுன்னு நெனச்சேன். வாயில வெச்சு நடிக்கணும்னு இன்னைக்குக் காலையிலதான் சொன்னான்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ஆர்லன் ஐஸ்கிரீமைக் கிளறினான். "சொல்லியிருக்கணும். ஆனா ஆசையா இருந்துச்சு. அந்தப் பாட்டை நான் மேடையில ஒரு தடவைகூட வாசிச்சதில்ல, தெரியுமா? ஒரு சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போனேன், வாசிச்சேன், வீட்டுக்கு வந்துட்டேன். அது இவ்வளவு ஓடும்னு யாரு கண்டா? ஊர் சுத்தக் கூப்பிட்டாங்க. அப்பத்தான் பாப்பா பொறந்திருந்தா. அடுத்த வருஷம் போய்க்கலாம்னு இருந்துட்டேன். அடுத்த வருஷம் பல்லு இல்ல. கடைக்குப் போய் வெங்காயம் பொறுக்கிட்டு இருப்பேன், மேல ரேடியோவுல நான் வாசிப்பேன். அந்த ஆளு யாரோ மாதிரி இருக்கும்."

கிளீவன் நடப்பதை நிறுத்தினான். "ஒண்ணு கேக்கணும். அந்த நீட்டு. அந்த ஒத்தைச் சுரம். அங்க என்ன நெனச்சு வாசிச்சே? நானும் எப்படி எப்படியோ பாத்துட்டேன், அந்தத் தவிப்பு வர மாட்டேங்குது."

"அதுவா?" ஆர்லன் சிரித்தான், பல்லை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கிடார்காரன் உள்ள வரணும். அவன் தூங்கிட்டான். இதோ வருவான், இதோ வருவான்னு ஊதிக்கிட்டே இருந்தேன். கண்ணு பிதுங்கிடுச்சு. யாரோ அவன் காலை மிதிச்சாங்க."

"அடப் பாவி! அதுக்காகவா இத்தனை ஓட்டல்ல பக்கத்து ரூம்காரன்கிட்ட திட்டு வாங்கினேன்!"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாடா கட்டிய பன்றி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் ஆர்லன் சொன்னான்: "பயமா இருக்குப்பா. ஊரே வருது. என் பல் டாக்டரும் வர்றாரு."

"அவருக்குத் தெரியுமே!"

"அதைத்தான் சொல்றேன்."

கிளீவன் அவனுடைய மீசையைப் பார்த்தான், உருகிப்போன ஐஸ்கிரீமைப் பார்த்தான். "உனக்காக ஊதுறேன்," என்றான். "ட்ராய்க்காக இல்ல. நீ தைரியமா நில்லு. மூச்சு விடுற இடத்துல தோளை மட்டும் தூக்கு, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

சாயங்கால வெயில் மேடையில் விழுந்திருந்தபோது கடைசிப் பாட்டு வந்தது. கிளீவன் ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பின்னால், கம்பிகளுக்கு நடுவில் ஒடுங்கி நின்றான். இடுக்கு வழியாக ஆர்லனின் முதுகு தெரிந்தது. ட்ராய் அவன் பெயரைச் சொன்னதும் புல்வெளி முழுக்க எழுந்து நின்றது. பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. கிளீவன் ஊதினான். ரெக்கார்டில் இருந்தது போலவே, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் ஊதினான். முன்னால் ஆர்லனின் தோள் சரியான இடத்தில் ஏறி இறங்கியது. கூட்டம் கூச்சலிட்டது. ஸ்பீக்கர் நிழலில் நின்று தன் மூச்சு இன்னொருவன் பெயரில் போவதைக் கேட்டபோது, பன்றிக் கொட்டகையில் தணிந்த கோபம் கிளீவனுக்கு மறுபடி நெஞ்சு வரை வந்தது. கொடுத்த வாக்குக்காக விடாமல் ஊதினான்.

நீளமான சுரம் வந்தது. அது நீண்டுகொண்டிருக்கும்போதே, ஆர்லன் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

சுரம் நிற்கவில்லை. முன்வரிசையில் முதலில் குழப்பம், பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆர்லன் பாடகனின் மைக்கைப் பிடித்து இழுத்தான்.

"மன்னிச்சுக்கோங்க," என்றான். "என்னால ஊத முடியாது. பல்லு போச்சு. நம்ம டாக்டர் அங்க உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்காரு, அவருகிட்ட வேணும்னா கேளுங்க. வாசிக்கிறது இவரு!"

விறுவிறுவென்று பின்னால் வந்து கிளீவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். கிளீவன் இன்னும் அந்த ஒரே சுரத்தில்தான் இருந்தான். விடத் தெரியவில்லை. கம்பியில் கால் தடுக்கி, கன்னம் உப்ப, கண் கலங்க வெயிலுக்குள், ட்ராயின் மைக் முன்னால் வந்து நின்றான். கிடார் வர வேண்டிய இடம். ட்ராய் கிடாரில் கை வைக்காமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். டிரம்காரன் மட்டும் விடாமல் தட்டினான். கிளீவனுக்கு மூச்சு தீர்ந்தது.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அவன் மூச்சிழுத்து, மனசில் வந்ததை வாசித்தான். உருக்காலைச் சங்கு வந்தது, சாத்திய கதவைத் தட்டிய தட்டு வந்தது, எத்தனையோ வாரம் திரை ஓரத்தில் நடந்த நடையெல்லாம் வந்தது. நடுவில் ஒன்றிரண்டு சுரம் தப்பாகக்கூட விழுந்தது. ஆர்லன் பக்கத்தில் நின்று கத்தினான்: "விடாதே, போய்க்கிட்டே இரு!" கூட்டம் கேட்க வந்தது இது இல்லை, முதலில் சும்மா பார்த்தார்கள். பிறகு ஒரு மூலையில் கைதட்டல் தாளமாக ஆரம்பித்து அப்படியே பரவியது.

இறங்கியதும் ட்ராய் வெளுத்த முகத்தோடு வந்தான். "என்னை ஊர் முன்னாடி பொய்யனாக்கிட்டீங்க."

"நாங்க எங்கப்பா ஆக்கினோம்?" என்றான் ஆர்லன்.

ஆர்லனின் மனைவியும் சின்னப் பெண்ணும் வந்தார்கள். அவன் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கிளீவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் பொரித்த ஆப்பிள் கடைப் பக்கம் நடந்தான். அவனை வழி நெடுக நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

அடுத்த இரண்டு ஊரிலும் ட்ராய் கிளீவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் டோரீன் வழியாகச் சொன்னான். கிளீவனும் பழையபடி ரெக்கார்டில் இருப்பதையே வாசித்துவிட்டுப் போனான். அதற்கடுத்த ஊரான லிங்கனில், மதியம் மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ட்ராய் கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அன்னைக்கு வெக்ஸ்லியில வாசிச்சியே. அதை இன்னைக்கு வாசி."

"எதை?"

"அதான், நீட்டுக்கு அப்புறம் வந்தது."

கிளீவன் யோசித்தான். எவ்வளவு யோசித்தும் ஒரு சுரம்கூடப் பிடிபடவில்லை. "எனக்கு ஞாபகம் இல்ல ட்ராய்."

"கிண்டலா?"

"சத்தியமா. அது போயிடுச்சு."

ட்ராய் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். "சரி," என்றான் கடைசியில். "அந்த இடத்துல நான் ஒதுங்கிக்கிறேன். என்ன வருதோ வாசி. நாளைக்கும் அப்படித்தான். ஆனா ரொம்ப இழுக்காதே."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் முதல் பாட்டு ஆரம்பித்ததிலிருந்து கிளீவன் திரைக்குப் பின்னால் நடந்தான். இதுவரை என்ன வாசிக்கப் போகிறோம் என்று தெரிந்து நடந்தான். இப்போது தெரியாமல் நடந்தான். வெளியே போகலாம் என்றால் கால் வரவில்லை. ஒரு தடவை கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தான். டோரீன் ஈரத் துணியோடு வந்து, "உடம்பு முடியலைன்னா சொல்லு, ட்ராய் கிடார்லயே பாத்துப்பான்," என்றாள்.

"பாத்துப்பான்னா கொன்னுடுவேன்," என்றான் கிளீவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. உள்ளே படகுப் பாட்டுக்கு டிரம் அடி விழுந்தது. அவன் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மேடைக்கு ஓடினான்.