தழும்பு இடம் மாறிய கேப்டன்

தொடரின் பெயர் ‘கடைசிச் சுற்று’. இருபத்தாறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்த தயாரிப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், சுற்று மட்டும் முடியவில்லை. கதை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு விண்கலம், அதற்கு ஒரு கேப்டன், வீடு திரும்ப வழி தெரியாத ஒரு கூட்டம். வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவார்கள், வழி கேட்பார்கள், உதை வாங்குவார்கள், கிளம்புவார்கள். சரக்கு ஏற்றிப் பழகிய ஒரு லாரி டிரைவரைக் கூட்டிப் போயிருந்தால் இரண்டே மாதத்தில் வீடு சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருந்தால் சனிக்கிழமை மாலைகளை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

தொடருக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. செருப்புக் கடைக்கு மேலே உள்ள கிடங்கில் ஞாயிறுதோறும் நான்கு மணிக்குக் கூடும். பதினான்கு உறுப்பினர்கள் செருப்புப் பெட்டிகள் மேல் உட்காருவார்கள். மூத்தவர்களுக்கு பூட்ஸ் பெட்டி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குழந்தைகள் செருப்புப் பெட்டி. கொஞ்சம் சதைப்பிடிப்பானவர் என்றால் பேச்சின் நடுவிலேயே தரைக்கு இறங்கிவிடுவார். கடைக்காரர்தான் தலைவர். சுவரில் அவர் கையெழுத்தில் மன்றத்தின் ஒரே சட்டம் ஒட்டியிருந்தது: ‘தொடரில் பிழை கிடையாது. பார்ப்பவர் கண்ணில்தான் பிழை.’ தொடரில் பிழை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், சட்டையில் குத்தியிருக்கும் தகர பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

இரண்டாம் வருடம் செத்துப்போன கேப்டனின் அம்மா ஐந்தாம் வருடம் போனில் பேசினாள். மன்றம் அசரவில்லை. பேசியது பழைய பதிவு, விண்வெளியில் ஒலி மெதுவாக வரும் என்றார்கள். கேப்டன் ஊருக்கு முதலில் மூன்று நிலா, பிறகு இரண்டு. ஒன்று இன்னொன்றின் பின்னால் நிற்கிறது. இப்படி நூற்றுப் பதிமூன்று விளக்கங்கள் ஒரு தடித்த நோட்டில் இருந்தன. தையல் விட்ட சட்டையைக் காட்டினால் துணிக்கடைக்காரன் ‘அதுதாங்க இப்ப டிசைன்’ என்பான். அவனாவது தன் சட்டைக்குச் சொல்கிறான். இவர்கள் யாரோ தைத்த சட்டைக்கு இருபது வருடமாக வாயடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சட்டத்தால்தான் தலைவர் தன் தம்பியை இழந்தார்.

கேப்டனுக்கு இடப்புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. ஒன்பதாம் வருடம் பதினோரு வாரம் அது வலப்புருவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. தலைவர் அதற்கு ஒரு கண்ணாடிக் கிரகத்தைக் கண்டுபிடித்திருந்தார். அங்கே இறங்கினால் இடது வலதாகும். எண்பத்தேழாம் விளக்கம், அவருடைய பெருமை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவர் புதியவர்களுக்கு விவரித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி அலமாரி செய்யும் பட்டறை வைத்திருக்கும் தம்பி, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சொன்னார்: “மேக்கப் போட்டவங்க பக்கம் மாத்திப் போட்டிருப்பாங்கண்ணா. சும்மா ஒரு பிழை. அதுக்குப் போய் ஒரு கிரகத்தையே கட்டணுமா?”

பிஸ்கட் டீக்குள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“பேட்ஜைக் கழட்டு,” என்றார் தலைவர்.

“அண்ணா, விளையாடாத.”

“இங்க அண்ணன் தம்பி கிடையாது. உறுப்பினர்தான்.”

தம்பி பேட்ஜைக் கழற்றி ஒன்பதாம் நம்பர் பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கினார். மாடிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அதன்பிறகு வரவில்லை. தம்பி மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ அதுவரை பெரியப்பா கடையில்தான். பிறகு முனைக் கடையில் வாங்க ஆரம்பித்தார்கள். தலைவர் எதைத் தாங்கினாலும் இதைத் தாங்கவில்லை. அந்தப் பெண் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் கண் முகத்துக்குப் போகாது, காலுக்குத்தான் போகும்.

“மடிப்புல விட்டுப்போச்சு பாரு. ரெண்டு மாசம்கூட ஆகல,” என்று முணுமுணுப்பார்.

“அதை இங்க உக்காந்து என்கிட்ட சொல்லி என்ன?” என்பாள் மனைவி. “ரெண்டு தெரு தாண்டிப் போய்ச் சொல்லுங்க. விண்வெளிக்கா போகச் சொல்றேன்?”

“அவன் முதல்ல வரட்டும்.”

“உங்க கேப்டனும் இப்படித்தான் வழி கேக்காமலே சுத்துறாரு.”

இந்த நிலையில்தான் தயாரிப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கேப்டனின் பூட்ஸில் கயிறு மாட்டும் கொக்கி பதினேழாம் வருடத்தில் ஆறிலிருந்து ஏழானது பற்றி தலைவர் அவர்களுக்கு நாற்பத்தொரு பக்கம் எழுதிப் போட்டிருந்தார். கம்பெனி ஒருவழியாகத் தொடரை முடிக்கப் போகிறதாம். கடைசிப் பகுதியில் ரசிகர்கள் குறை சொல்லாதபடி பார்த்துக்கொள்ள ஆறு வாரம் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வேலை இதுதான்: ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. தலைவர் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி குளித்துக் கிளம்பினார்.

விண்கலம் அட்டையால் செய்தது. கதவைக் கயிறு கட்டி இரண்டு பேர் இழுத்தார்கள். தலைவர் அதையெல்லாம் பார்க்காதவர் போலத் தாண்டிப் போனார். மூன்றாம் நாள் மேக்கப் அம்மாவை ஓரமாகப் பார்த்து, பதினேழு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

“தழும்பா?” அந்த அம்மா பஞ்சை நிறுத்தாமல் யோசித்தாள். “ஓ, அந்த வருஷம் நான் பிரசவத்துக்கு லீவுல போயிருந்தேன். எனக்குப் பதிலா வந்த பொண்ணு அவரை எதிர்ல உக்கார வெச்சு வரைஞ்சிருக்கா. அவளுக்கு இடது, அவருக்கு வலது. நான் திரும்பி வந்துதான் சரி பண்ணேன்.”

“பதினோரு வாரம் யாரும் கவனிக்கலையாம்மா?”

“யாருங்க இதையெல்லாம் கவனிக்கப் போறா?”

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தம்பி பிஸ்கட்டை நனைத்தபடி சொன்னது அப்படியே நிஜம். ஊர் திரும்பியதும் முதல் வேலை தம்பி பட்டறைக்குப் போவது என்று முடிவு செய்தார். திரும்பியதும், கடைசிப் பகுதி ஒளிபரப்பாகட்டும், அப்புறம் போவோம் என்று தள்ளி வைத்தார். தப்பை ஒத்துக்கொள்ள நல்ல நேரம் பார்ப்பவருக்கு எந்த நேரமும் ராகு காலம்தான்.

ஆனால் ஊர் திரும்புமுன் இன்னொன்றும் நடந்தது. கடைசி ஷாட்டின்போது கேப்டனுக்கு பூட்ஸ் ஏறவில்லை. இருபத்தாறு வருடத்தில் மனுஷனுக்குக் கால் அகலமாகிவிட்டது. டைரக்டர் கத்துகிறார், லைட்டுகள் எரிகின்றன, உதவியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். தலைவர் எல்லாரையும் விலக்கினார். சட்டைப் பையிலிருந்து தன் கடையின் மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்தார், குதிகாலை வழுக்கவிட்டு ஷூவுக்குள் இறக்கும் கரண்டி, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. மண்டியிட்டார். நான்கே விநாடி. கால் உள்ளே போய்விட்டது. தளமே கை தட்டியது. கேப்டன் அவர் தோளைத் தட்டி, “நீங்க இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்,” என்றார்.

அந்தக் கைதட்டலில் தலைவருக்குக் கால் தரையில் இல்லை. கரண்டியை எங்கே வைத்தோம் என்பதும் நினைவில் இல்லை. கேமரா ஓடியபோது அவர் பூட்ஸின் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. சரியாக இருந்தது.

சனிக்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். விண்கலம் ஒரு நீலக் கிரகத்தை நோக்கி இறங்குகிறது. கேமரா கேப்டன் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே வந்து கட்டுப்பாட்டு மேசையைத் தடவுகிறது. பொத்தான்கள், விளக்குகள், நட்ட நடுவில் ஒரு மஞ்சள் கரண்டி. ஒன்பது விநாடி. முற்றும்.

“என்னங்க, அது நம்ம கடைக் கரண்டி இல்ல?” என்றாள் மனைவி.

“பேசாம பாரு.”

“என்னத்தைப் பாக்கறது, முடிஞ்சு போச்சே. நம்ம போன் நம்பர்ல பாதிகூடத் தெரிஞ்சுது.”

மறுநாள் மன்றத்தில் நிற்க இடமில்லை. உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர் சுவரில் அந்தக் கடைசிக் காட்சியைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். மஞ்சள் பொருள் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் மேல் 4471 என்ற எண்கள்.

“வளைவைப் பாருங்க,” என்றார் பல் டாக்டர். “இது பல்லு. கடைவாய்ப் பல்லோட வேர் இப்படித்தான் வளையும். முதல் வருஷம் கேப்டன் கொன்ன மிருகத்தோட பல்லு.”

“அந்த நம்பரை விட்டுட்டீங்களே டாக்டர்,” என்றார் மருந்துக் கடை அக்கா. “அது பேட்ச் நம்பர். எந்த மருந்துலயும் இருக்கும். கப்பல்ல பரவின வியாதிக்கு மருந்து கிடைச்சிடுச்சு, அதான் வீட்டுக்குத் திரும்புறாங்க.”

“பல்லுக்கு எதுக்கு நம்பர் போடறாங்கன்னு கேளுங்கக்கா, நான் சொல்றேன்.”

“நீங்கதான் எல்லாப் பல்லுக்கும் நம்பர் போட்டு பில் போடறீங்களே!”

மன்றம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை அல்ல, பல் டாக்டரின் கையை. அவர் அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டக் கையில் வைத்திருந்தது, பக்கத்துப் பெட்டியிலிருந்து எடுத்த அதே மஞ்சள் கரண்டி. அந்தப் பெட்டியில் இன்னும் முந்நூறு கிடந்தன. அங்கிருந்த பதினான்கு பேர் வீட்டிலும் ஆளுக்கொன்று இருந்தது.

தலைவர் எழுந்தார். “அது என் கரண்டி. நான்தான் மறந்து வெச்சுட்டேன்.”

“சோதிக்கிறார்யா,” என்று யாரோ சொன்னார்கள்.

“சோதிக்கல. டாக்டர், கையில என்ன வெச்சிருக்கீங்க? திருப்பிப் படிங்க.”

பல் டாக்டர் திருப்பிப் படித்தார். கடைசி நான்கு எண்கள் 4471. சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முதலில் தேறியவர் மருந்துக் கடை அக்காதான். அவர் கண் கலங்கியிருந்தது.

“அப்படின்னா கப்பல் இங்க வந்திருக்கு.”

“எங்க?”

“இங்கதான்! அந்த நீலக் கிரகம் நம்ம பூமி. இந்தக் கடைக்கு வந்து, இதை எடுத்துட்டுப் போயிருக்காங்க. தலைவரே, இவ்வளவு நாளா எங்ககிட்ட சொல்லாம எப்படி இருந்தீங்க?”

கைதட்டல் கிளம்பியது. இரண்டு குழந்தைச் செருப்புப் பெட்டிகள் நொறுங்கின. அப்படியே தலையாட்டியிருந்தால் தலைவர் சாகும்வரை தலைவராக இருந்திருக்கலாம். ஆனால் தம்பி பேட்ஜை வைத்துவிட்டுப் போன ஒன்பதாம் நம்பர் பெட்டி அவர் கண்ணெதிரில் இருந்தது.

“யாரும் வரல!” என்று கத்தினார். “அட்டைக் கப்பல்யா அது! கரண்டி பிழை. என் பிழை. தழும்பும் பிழை, மேக்கப்காரம்மாவே சொன்னாங்க. என் தம்பி சொன்னதுதான் சரி.”

எல்லார் கண்ணும் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்துக்குப் போய், தலைவர் சட்டைக்குத் திரும்பியது. பல் டாக்டர் உண்மையிலேயே வருத்தத்தோடுதான் கையை நீட்டினார்.

“கிடங்கு உங்களுதுதான் தலைவரே, அதுல பேச்சே இல்ல. ஆனா பேட்ஜ்…”

தலைவர் கழற்றிக் கொடுத்தார். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “கதவைச் சாத்திட்டுப் போங்க, சுவர்ல வெளிச்சம் அடிக்குது.”

கீழே கடையில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூவை எடுத்தார். அளவு யாரையும் கேட்கவில்லை. நான்கு வருடமாகத் தெருவில் போன காலைப் பார்த்துக் கணித்து வைத்திருந்த அளவு. இரண்டு தெருவைத் தாண்டிப் பட்டறைக்குப் போனார்.

தம்பி குளித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வாசலிலேயே நின்றார்.

“நானே அங்கதான் கிளம்பினேன்ணா,” என்றார் தம்பி.

“நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்டா.”

“இரு, நான் முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா தைரியம் போயிடும். நாலு வருஷம் யோசிச்சேன்ணா. நீ சொன்னதுதான் சரி. தொடர்ல பிழை கிடையாது.” காகிதக் கத்தையை நீட்டினார். “தழும்பு ஏன் மாறிச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். உன் கண்ணாடிக் கிரகம்கூட வேணாம். இருபத்திரெண்டு பக்கம். ராத்திரி பகலா எழுதினேன். நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

அண்ணன் வாயைத் திறந்தார். மேக்கப் அம்மா, பிரசவம், எதிரில் உட்கார வைத்து வரைந்த பெண், எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றன. தம்பி முகத்தைப் பார்த்தார். அரை நூற்றாண்டு பேரம் பேசிய குடும்பம் அது. எதிராளி தானாகவே நம் விலைக்கு இறங்கி வந்து நிற்கும்போது, சரக்கு சொத்தை என்று சொல்ல யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. உண்மை சொன்ன கூலியும் ஏற்கெனவே மாடியில் கிடைத்திருந்தது.

“என்னமோ சொல்லணும்னியே?”

“பாப்பாவுக்கு ஷூ கொண்டாந்தேன். அதான்.”

தம்பி மகள் உள்ளிருந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அண்ணனும் தம்பியும் பாதி இழைத்த பலகை மேல் உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்தார்கள். ஆறாம் பக்கம் வந்தபோது அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

“இங்க இடிக்குதுடா. அந்தப் பகுதியில கதவு மேல தூக்கித் திறந்துச்சு. நீ பக்கவாட்டுலன்னு எழுதியிருக்க.”

“ஐயோ, ஆமால்ல!”

“பரவாயில்ல. கீல் உடைஞ்சிருந்ததுன்னு போடு.”

தம்பி சந்தோஷமாக எழுதிக்கொண்டார். “அண்ணா, நேத்து கடைசில மேசை மேல மஞ்சளா ஒண்ணு இருந்துச்சே, அது என்னன்னு நினைக்கிற? மாடில என்ன சொன்னாங்க?”

“கப்பல் வீடு திரும்பிடுச்சுன்னு சொல்றாங்க.”

“அது தெரியுது. அந்தப் பொருள் என்ன?”

அப்போது மகள் நிமிர்ந்தாள். புது ஷூவில் குதிகால் பாதியில் நின்றிருந்தது. அளவு சரிதான், புதுத் தோல் என்பதால் விறைப்பு. “பெரியப்பா, ஏறமாட்டேங்குது. உங்க கடைல மஞ்சக் கரண்டி ஒண்ணு குடுப்பீங்களே, அது இருக்கா?”

பெரியப்பாவின் கை சட்டைப் பை வரை போயிற்று. உள்ளே இருந்த கரண்டியை மேலாகத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

“இல்லம்மா,” என்றார். “விரலை விட்டு மாட்டு.”