பை மாற்றும் நேரம்

புதுப் பையில் வட்டமாகத் துளை வெட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, குளிப்பாட்ட ஆளுங்க வந்துட்டாங்க. தொறங்க." கணவரின் தம்பி.

"கொஞ்சம் இருங்க தம்பி."

கணவர் கட்டிலில் கிடந்தார். காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இத்தனை வருஷம் இருவரும் வயிற்றுக்கே காவல் இருந்தார்கள். சாவு நெஞ்சு வழியாகக் கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

சட்டையை விலக்கினாள். வயிற்றின் வலப்பக்கம், மலம் வெளியேற வெட்டிவைத்த, எப்போதும் ஈரச் சிவப்பாயிருக்கும் குடல்வாய் வெளிறியிருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த பழைய பை பாதி நிறைந்திருந்தது. ஒட்டு தளர்ந்திருந்தது, தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். இப்படி ஒரு பை இருப்பது வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது மட்டும்தான் அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது.

பல வருஷங்களுக்கு முன் நோய் வந்து பெருங்குடலை எடுத்தபோது, சிறுகுடலையே மடித்து உள்ளுக்குள் ஒரு பை தைத்தார்கள். அது சீழ் பிடித்தது. வெளியே பை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மறுபடி திறந்து உள்ளே இருப்பதைச் சரிசெய்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். "பையக் கட்டிக்கிட்டு மனுஷன் திரியறதா? இன்னொரு தடவ தெறக்கட்டும்" என்றவன் இந்தத் தம்பிதான்.

மறுபடி திறந்து தைத்தது நின்றது, மனிதர்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் அவர் பழக்கிய பாதைகளெல்லாம் பெட்ரோல் பங்க் வழியாகவே போகும். "எங்கிட்ட கத்துக்கிட்டவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுதோ இல்லையோ, எந்த பங்க்ல கக்கூஸ் சுத்தம்னு தெரியும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இரவில் அவர் எழும்போதெல்லாம் அவளும் விழித்துக்கொள்வாள். அவருக்குச் சங்கடமாயிருக்கும் என்று தூங்குவதுபோலவே கிடப்பாள்.

பல வருஷம் கழித்து அதுவும் கெட்டுப்போய், கடைசியில் வெளிப்பைதான் வந்தது. அதன் பிறகுதான் விடியும்வரை தூங்கினார். அவர் குறட்டை விடுவார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பழையதைக் கழற்றி, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். புதுப் பையை வைத்தபோது தளர்ந்த தோல் மடிந்துகொண்டது. யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். அதை எப்போதும் அவரே செய்வார்.

பையைக் கட்டில் ஓரம் வைத்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"நீங்க மட்டும் வாங்க."

தம்பி பார்த்தான். கதவைத் தன் பின்னால் சாத்தினான்.

"எப்பத்துலருந்து?"

"ரெண்டு வருஷமா."

"போன்ல கேக்கறப்பல்லாம் நல்லா இருக்கேன்னாரே."

"நல்லாத்தான் இருந்தாரு."

அவன் கட்டிலருகே மண்டியிட்டான்.

"இந்த எடத்துல இழுத்துப் பிடிங்க."

பிடித்தான். அவள் பையை ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஒட்டலயா?"

"சூடு வேணும். எப்பவும் அவர் உடம்புச் சூட்டுலயே ஒட்டிக்கும்."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"நாங்களே குளிப்பாட்டிக்கறோம்," என்று தம்பி திரும்பாமலே குரல் கொடுத்தான். பிறகு இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டான்.

"நீங்க எடுங்க அண்ணி. உங்க கை சில்லிட்டுப்போச்சு."

அவள் எடுத்தாள். அவன் வைத்தான். வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.