நானூறு முறை திறந்த கதவு

குடிசைப் பகுதிக்காகத் தான் வடிவமைத்த கழிப்பறையின் கதவு ஒரே நாளில் நானூறு முறை திறந்ததாகக் கணினி காட்டியதும், பொறியாளருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கதவு திறந்தால் விளக்கு எரியும், ஓர் ஆள் என்று பதிவாகும், ஒரே நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். எல்லாம் அவருடைய சொந்த மூளை. அங்கே குடியிருக்கிற ஒருவரையும் கேட்கவில்லை. தனக்கு நடக்கவிருந்த பாராட்டு விழாவில் காட்டப் படமெடுக்க மறுநாள் சாயங்காலம் கேமராவோடு போய், மரியாதையாகக் கதவைத் தட்டினார்.

"தாழ்ப்பாள் போடல, உள்ள வாங்க!" என்றது ஒரு பெண்குரல்.

அவர் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே, பீங்கான்மேல் பலகை போட்டு உட்கார்ந்து, தையற்காரி ஒருத்தி சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, கக்கூஸ்ல போயி..."

"குழாய் வச்சதோட சரி, ஒரு சொட்டுத் தண்ணி வரல. அதுக்கெல்லாம் எங்களுக்குப் பழையபடி புதர்தான். வீட்ல கரண்டு இல்ல, இங்க லைட்டாவது எரியுதே!"

விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் கை பழக்கமாக நீண்டு, கதவைச் சாத்தித் திறந்தது. வெளிச்சம் வந்தது. நேற்றைய நானூறும் இப்படித்தான்.

"அண்ணே, இதைக் கட்டின புண்ணியவானைத் தெரியுமா? அஞ்சு நிமிஷமாவது எரிய வைக்கச் சொல்லுங்க. கதவை ஆட்டி ஆட்டியே கை ஓஞ்சுபோச்சு."